பேதி உப்பும் வெந்நீரும்: ஓடி வலித்த கால் எதனால் தேறுகிறது?

கம்ரேட்ஸ் என்ற கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர் நெடுந்தூர ஓட்டம் முடிந்த மறுநாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் யார் யார் ஓடினார்கள் என்று விசாரிக்கத் தேவையில்லை. படிக்கட்டில் இறங்குவதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியாகக் காலை வைப்பார்கள். சிலர் பின்பக்கமாகவே இறங்குவார்கள். ஏறும்போது அவ்வளவு சிரமம் இருக்காது. இறங்கும்போதுதான் தொடை விட்டுக்கொடுக்காது.

அந்த வாரத்தில் பேதி உப்பு என்னும் எப்சம் உப்பைப் பற்றிய பேச்சும் சூடு பிடிக்கும். வெந்நீர்த் தொட்டியில் இரண்டு குவளை போட்டு இருபது நிமிடம் ஊறினால் வலி பறந்துவிடும் என்று ஒருவர் சொல்வார். மக்னீசியம் தோல் வழியாக உள்ளே போய்த் தசையைத் தளர்த்துகிறது என்பது அவர் தரும் விளக்கம். இன்னொருவர், உப்பு உள்ளேயிருக்கும் அமிலக் கழிவை வெளியே இழுக்கிறது என்பார். மூன்றாமவர் எல்லாமே ஏமாற்று என்பார். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வீட்டுக்கு ஓர் ஓட்டக்காரர் இருக்கிற காலம் இது. தைப்பூசத்தில் வெறுங்காலோடு காவடி எடுத்துவிட்டு வருகிறவர்களுக்கும் இதே கால்வலி, இதே யோசனை. ஆகவே இதை அடிப்படையிலிருந்து பார்த்துவிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊறினால் கிடைக்கும் சுகம் உண்மையானது. அந்தச் சுகத்தைத் தருவது வெந்நீர். உப்பின் பங்கு, இதுவரை தெரிந்த அளவில், ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளம்.

இந்த உப்பு எது?

எப்சம் என்பது இங்கிலாந்தில், லண்டனுக்குத் தெற்கே சரே மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர். 1618 வாக்கில் அங்கே ஒரு குட்டையின் தண்ணீரை மாடுகள் குடிக்க மறுத்தன என்றும், அதை வைத்தே அந்த நீரின் கசப்பு தெரியவந்தது என்றும் கதை. குடித்த மனிதர்களுக்கு வயிறு போயிற்று. அதுவே மருந்தாகப் பேர் பெற்றது. 1695-ல் நெகேமியா க்ரூ என்ற மருத்துவர் அந்த நீரிலிருந்து கிடைக்கும் கசப்பு உப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

தமிழில் இதற்குப் பழைய பெயர் பேதி உப்பு. இந்தப் பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். இது வயிற்றைக் கழுவ வந்த உப்பு. பெயர் வைத்தவர்கள் தசைவலியை நினைத்து வைக்கவில்லை. ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்கள் 'ஆங்கிலேய உப்பு' என்ற பொருளில் அழைக்கிறார்கள். மருந்துக்கடையில் எந்தப் பெயரில் கேட்டாலும் கிடைப்பது ஒரே பொருள்தான்.

வேதியியலில் இது மக்னீசியம் சல்பேட். ஒவ்வொரு மூலக்கூறும் ஏழு நீர் மூலக்கூறுகளைக் கூடவே பிடித்து வைத்திருக்கும். அதனால் எடையில் பாதிக்கும் மேல் வெறும் தண்ணீர்தான். மக்னீசியம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இந்தப் பத்தில் ஒன்று என்ற கணக்கை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். சமையல் உப்பு, கல் உப்பு, இந்துப்பு மூன்றும் சோடியம் குளோரைடு வகை. அவற்றுக்கும் இதற்கும் நிறத்தில்தான் ஒற்றுமை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மக்னீசியம் சல்பேட் சாதாரணப் பொருள் அல்ல, உயிர் காக்கும் மருந்து. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்தில் இருக்கும் பெண்களுக்கு இதை ஊசி வழியாக ஏற்றுகிறார்கள். தென்னாப்பிரிக்க மகப்பேறு மருத்துவமனைகளில் அன்றாடம் புழங்கும் மருந்து அது. 2002-ல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு, அது வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழே குறைக்கிறது என்று காட்டியது.

ஆக, இந்த உப்புக்குச் சக்தி உண்டா என்று கேட்பதில் பொருளில்லை. எந்த வாசல் வழியாக உடம்புக்குள் போகிறது என்றுதான் கேட்க வேண்டும். ரத்தக்குழாய் வழியாகப் போனால் வலிப்பைத் தடுக்கும். வாய் வழியாகப் போனால் பேதியாகும். தோல் வழியாகப் போகுமா?

அதற்குமுன், நாம் குணப்படுத்த நினைக்கும் அந்த வலி என்ன என்று பார்க்க வேண்டும். அதைத் தவறாகப் புரிந்துகொண்டால் மருந்தும் தவறாகத்தான் போகும்.

மறுநாள் வரும் வலி

ஓடிக்கொண்டிருக்கும்போது வரும் எரிச்சல் ஒன்று. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழும்போது தெரியும் வலி வேறொன்று. இந்த இரண்டாவதைத் தாமதத் தசைவலி என்று சொல்லலாம். 1902-ல் தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை முதலில் தனியாக எடுத்து விவரித்தார். உழைத்து முடித்த 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைகாட்டும். இரண்டாம் நாள், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். ஒரு வாரத்துக்குள் தானாகவே போய்விடும். இந்தக் கடைசி வார்த்தை முக்கியம். எந்த மருந்து சாப்பிட்டாலும், எதையும் சாப்பிடாவிட்டாலும், அது போய்த்தான் தீரும். மூன்றாம் நாள் எதைச் செய்தோமோ அதற்கே பேர் கிடைத்துவிடுகிறது.

இது ஏன் வருகிறது? டர்பனில் இருக்கிறவர்களுக்கு விளக்க, கம்ரேட்ஸ் பாதையில் உள்ள ஃபீல்ட்ஸ் ஹில் என்ற மலைச்சரிவைவிட நல்ல இடம் கிடையாது.

கம்ரேட்ஸ் ஓட்டம் 1921-ல் தொடங்கியது. முதல் உலகப் போரில் இறந்த சக வீரர்களின் நினைவாக விக் கிளாப்பம் ஏற்படுத்தியது. பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் டர்பனுக்கும் இடையே கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 12 மணி நேரக் கெடு. டர்பனிலிருந்து மேலே ஓடினால் ஏற்ற ஓட்டம், பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து கீழே வந்தால் இறக்க ஓட்டம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. முடிவு கடற்கரை நகரத்தில். புதிதாக வருகிறவர்கள் இறக்கம்தானே, சுலபம் என்று நினைப்பார்கள். இரண்டும் ஓடியவர்களைக் கேளுங்கள். கால் நார்நாராகப் போவது இறக்க ஓட்டத்தில்தான் என்பார்கள்.

ஏற்றத்தில் தொடையின் முன்தசை சுருங்கி உடம்பை மேலே தள்ளுகிறது. சுருங்குவது தசைக்கு இயல்பான வேலை. இறக்கத்தில் நடப்பது வேறு. ஃபீல்ட்ஸ் ஹில்லில் பைன்டவுனை நோக்கி இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் கால் தரையைத் தொட்டதும் முழங்கால் மடங்குகிறது. உடம்பு முன்னால் சரிந்து விழாமல் இருக்க, அதே முன்தசை பிரேக் மாதிரி இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதாவது தசை இறுகவும் வேண்டும், அதே நேரத்தில் நீளவும் வேண்டும். சுருங்கப் பார்க்கும் கயிற்றை யாரோ எதிர்ப்பக்கம் இழுப்பதுபோல. அந்த மலைக்கு வருவதற்குள் ஏற்கெனவே 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடியாயிற்று. அந்தக் களைப்பில் ஆயிரக்கணக்கான அடிகள்.

தசை நாரின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் வரிசை வரிசையாகக் கோத்த சிறு அலகுகள் இருக்கின்றன. நீண்டுகொண்டே இறுகும்போது அவற்றில் பலவீனமானவை பிய்கின்றன. பிய்ந்த இடத்தைப் பழுதுபார்க்க உடம்பு ஆட்களை அனுப்புகிறது. வெள்ளணுக்கள் வருகின்றன, நீர் கோக்கிறது, நரம்பு முனைகள் கூருணர்ச்சி அடைகின்றன. இந்தப் பழுதுபார்ப்புக்கு ஒரு நாள், இரண்டு நாள் ஆகிறது. அதனால்தான் வலியும் தாமதமாக வருகிறது. படி இறங்கும்போது அதிகம் வலிப்பதும் இதனால்தான். காயம்பட்ட தசையிடம் மறுபடியும் அதே பிரேக் வேலையைக் கேட்கிறோம்.

சுருக்கமாகச் சொன்னால், இது ஒரு காயம். சிறிய, நல்லபடியாக ஆறக்கூடிய காயம். கழிவு தேங்கியதும் அல்ல, சத்துக் குறைந்ததும் அல்ல.

கழிவை உப்பு இழுக்குமா?

தசை உழைக்கும்போது உண்டாகும் லாக்டிக் அமிலம் அங்கேயே தேங்கி வலிக்கிறது என்பது இன்னும் பல ஜிம் பயிற்சியாளர்கள் சொல்லும் விளக்கம். 1983-லேயே இது அடிபட்டுப்போன விளக்கம். அந்த ஆண்டு வெளியான ஒரு சோதனையில் சமதளத்திலும், சரிவில் இறங்கியும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். சமதளத்தில் ஓடியவர்களுக்கு ரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறியது, பின்னால் வலி வரவில்லை. இறங்கி ஓடியவர்களுக்கு அமிலம் ஏறவே இல்லை, வலி மட்டும் வந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அது போக, ஓட்டம் நின்ற ஒரு மணி நேரத்துக்குள் அந்த அமிலம் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. மறுநாள் ஊறும்போது இழுப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை.

சரி, வீக்கத்து நீரையாவது உப்பு இழுக்காதா? ஊறுகாய்க்கு மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணீர் விடுகிறதே! அது உண்மை. ஆனால் அதற்கு வெளியே இருக்கும் கரைசல் உள்ளே இருப்பதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு தொட்டியில் 150 லிட்டர் தண்ணீர், அதில் அரைக் கிலோ எப்சம் உப்பு என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கரைசலின் செறிவு நம் ரத்தத்தின் செறிவில் பத்தில் ஒரு பங்குதான். ஊறுகாய்க் கணக்கை இங்கே போட்டால் தண்ணீர் வெளியே வராது, உள்ளேதான் போக வேண்டும். நல்லவேளையாகத் தோல் இரண்டுக்குமே எளிதில் இடம் கொடுப்பதில்லை.

தோல் என்ற வாசல்

இப்போது முக்கியமான கேள்வி: மக்னீசியம் உள்ளே போகுமா? படிப்படியாகப் பார்ப்போம்.

1. தோலின் மேலடுக்கு செத்த செல்களும் அவற்றுக்கு இடையே கொழுப்புப் பூச்சும் சேர்ந்த ஒரு சுவர். தண்ணீரும் அதில் கரைந்தவையும் உள்ளே வராமல் தடுப்பதே அதன் வேலை. கொழுப்பில் கரையும் பொருள்கள் ஓரளவு நுழையும். வலிநிவாரணக் களிம்புகள் வேலை செய்வது இப்படித்தான்.

2. தண்ணீரில் கரைந்த மக்னீசியம் மின்னேற்றம் கொண்ட அயனி. அது தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்து ஒரு பெரிய உருண்டையாக நிற்கும். கொழுப்புச் சுவரில் அதற்கு வழி கிடையாது.

3. மயிர்க்கால்கள் வழியாகச் சிறிது நுழையலாம். ஆய்வகத்தில் மனிதத் தோலை வைத்துச் செய்த ஒரு சோதனை 2016-ல் அப்படிக் காட்டியது. ஆனால் மயிர்க்கால்கள் தோலின் பரப்பில் மிகச் சிறிய பகுதி. நுழைவது வேறு, தசைக்குப் பயன்படும் அளவுக்கு நுழைவது வேறு.

4. எப்சம் உப்புக் குளியலுக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் 19 பேரிடம் செய்த ஒரு சிறு சோதனை. ஊறிய பிறகு அவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் மக்னீசியம் சற்று ஏறியது என்கிறது. அது பிற நிபுணர்கள் சரிபார்த்து வெளியிடும் ஆய்விதழ் எதிலும் வரவில்லை. எப்சம் உப்பை ஊக்குவிக்கும் அமைப்பொன்றின் இணையதளத்தில்தான் வந்தது. தசைவலி குறைந்ததா என்பதை அது சோதிக்கவும் இல்லை.

5. 2017-ல் இந்தத் துறையில் வந்த எல்லா ஆய்வுகளையும் அலசிய ஒரு கட்டுரை, தோல் வழியாக மக்னீசியம் கொடுப்பதற்குத் தக்க அறிவியல் ஆதாரம் இல்லை என்று முடித்தது.

இதெல்லாம் ஆய்வகப் பேச்சு என்று தோன்றினால், நம் கடலையே சாட்சிக்கு அழைக்கலாம். அரைக் கிலோ உப்பில் பத்தில் ஒன்று மக்னீசியம், அதாவது 50 கிராம். அதை 150 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு மூன்றில் ஒரு கிராம். கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 கிராம் மக்னீசியம் இருக்கிறது. நான்கு மடங்கு! டர்பன் கடற்கரையில் காலை நனைப்பவருக்கு, காசு கொடுத்து வாங்கிய உப்புத் தொட்டியில் கிடைப்பதைவிட நான்கு மடங்கு மக்னீசியம் சுற்றி இருக்கிறது. குளியல் தொட்டியைக் கடலுக்குச் சமமாக்க இரண்டு கிலோ உப்பு வேண்டும்.

தோல் வழியாக மக்னீசியம் தாராளமாகப் போகுமானால், நாள் முழுக்கக் கடலில் கிடக்கும் அலைச்சறுக்கு வீரர்களுக்கு எப்போதோ அது அளவு மீறி ஏறியிருக்கும். சாக்கடல் இன்னும் கடுமையான உதாரணம். அங்கே கடலைப்போல முப்பது மடங்குக்கும் மேல் மக்னீசியம். மணிக்கணக்கில் மிதப்பவர்கள் நன்றாகவே எழுந்து வருகிறார்கள். தண்ணீரைக் குடித்துவிட்டவர்கள்தான் மக்னீசியம் மிகையாகி மருத்துவமனைக்குப் போயிருக்கிறார்கள். வாசல் எது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

வாய் வழியாகவே கொடுத்துப் பார்த்தார்கள்

தோலை விட்டுவிடுவோம். மக்னீசியம் ஒழுங்காக உள்ளே போய்விட்டது என்றே வைத்துக்கொண்டாலும், ஓடி வலித்த தசைக்கு அதனால் பயன் உண்டா? இதற்குத் தென்னாப்பிரிக்காவிலேயே பதில் இருக்கிறது. இங்குள்ள ஓட்டக்காரர்களுக்கே இது தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தம்.

1992-ல் டிம் நோக்ஸ் உள்ளிட்ட தென்னாப்பிரிக்க ஆய்வாளர்கள் மாரத்தான் ஓடும் 20 பேரை எடுத்தார்கள். ஒரு பாதிக்கு ஓட்டத்துக்கு நான்கு வாரம் முன்பிருந்து ஆறு வாரம் பின்பு வரை தினமும் 365 மில்லிகிராம் மக்னீசியம் வாய் வழியாகக் கொடுத்தார்கள். மறு பாதிக்குச் சத்தில்லாத மாத்திரை. ஓட்ட நேரத்திலும் வித்தியாசம் இல்லை, தசைக் காயத்திலும் இல்லை, தேறும் வேகத்திலும் இல்லை. உடம்பில் ஏற்கெனவே போதுமான மக்னீசியம் இருந்தால் மேலும் கொட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை என்பதே அதன் பொருள்.

தசைப்பிடிப்பு வேறு கதை என்பீர்கள். ஓடும்போது கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கிறதே, அது மக்னீசியம் குறைவால்தானே? 2004-ல் மார்ட்டின் ஷ்வெல்னஸும் அவருடைய குழுவும் கேப் டவுனின் 56 கிலோமீட்டர் டூ ஓஷன்ஸ் ஓட்டத்தில் பிடிப்பு வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டார்கள். உப்புச்சத்து அளவுகளில் மருத்துவ ரீதியாகப் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் இல்லை. சொல்லப்போனால், பிடிப்பு வந்தவர்களுக்கு ரத்தத்தில் மக்னீசியம் ஒரு பொட்டு கூடுதலாகவே இருந்தது. களைத்த தசைக்கும் நரம்புக்கும் இடையே கட்டுப்பாடு குலைவதே காரணம் என்று அந்தக் குழு கருதியது. அதனால்தான் பிடித்த தசையை மெல்ல நீட்டிப் பிடித்தால் உடனே விடுகிறது. மக்னீசியம் அவ்வளவு வேகமாக எங்கும் போய்ச் சேராது.

மக்னீசியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 300 முதல் 400 மில்லிகிராம் வரை தேவை. நம் உடம்பில் உள்ள 25 கிராமில் பாதிக்கு மேல் எலும்பில் இருக்கிறது, ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதைச் சேர்க்கச் சமையலறையே போதும். நம் வீடுகளில் வாரம் ஒரு முறையாவது வேகும் சுகர் பீன்ஸ் கறியில் ஒரு கிண்ணத்துக்கு 80 மில்லிகிராம் அளவில் மக்னீசியம் கிடைக்கும். கீரை, பருப்பு, வேர்க்கடலை, பூசணி விதை எல்லாவற்றிலும் உண்டு. அவையெல்லாம் சரியான வாசல் வழியாகப் போகின்றன.

வெந்நீர் செய்யும் வேலை

அப்படியென்றால் ஊறி எழுந்தவர் 'அப்பாடா' என்று சொல்வது பொய்யா? இல்லவே இல்லை. உடம்புவலி என்றால் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து ஊற்று என்று ஆயா சொல்வாரே, அதில் உப்பு இல்லை. ஆனாலும் வேலை செய்தது.

சூடு பட்டதும் தோலிலும் அதன் கீழும் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, இறுகிக் கிடந்த தசை தளர்கிறது. சூட்டை உணரும் நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்பும்போது, வலியின் செய்தி கொஞ்சம் பின்னுக்குப் போகிறது. இடித்துக்கொண்ட இடத்தை நாம் தேய்த்துவிடுவது போன்றதுதான் இதுவும். அப்புறம், கழுத்தளவு தண்ணீரில் உடம்பின் எடை பத்தில் ஒரு பங்காகத் தோன்றும். நாள் முழுக்கச் சுமந்த கால்களுக்கு அதுவே பெரிய விடுதலை. இதோடு இருபது நிமிடம் யாரும் கூப்பிடாமல், போனைத் தொடாமல், கண்ணை மூடிக் கிடப்பது. அன்றிரவு நல்ல தூக்கம். பழுதுபார்ப்பு வேலைக்கு அதுவும் உதவும்.

குளிர்ந்த நீர் எப்படி? 2012-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 சிறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, சும்மா இருப்பதைவிடக் குளிர்நீரில் ஊறுவது தாமதத் தசைவலியைக் கொஞ்சம் குறைக்கிறது என்று சொன்னது. ஓடி முடித்ததும் கடலில் இடுப்பளவு இறங்கி நிற்பவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இதைத்தான் செய்கிறார்கள். ஜூன் மாத டர்பன் கடல் அப்படியொன்றும் பனிக்கட்டி அல்ல என்பதால் பலன் குறையலாம். மூட்டுகளுக்கு அது நல்ல ஓய்வுதான்.

வெந்நீரோ குளிர்நீரோ, வலியை மட்டுப்படுத்தும். பிய்ந்த நாரை அது தைத்துவிடாது.

ஊற விரும்புகிறவர்கள் கவனிக்க

உப்புப் போட்டுத்தான் ஊறுவேன் என்றால் தாராளமாகச் செய்யலாம். விலையும் குறைவு, நலமாக இருப்பவருக்குக் கெடுதலும் இல்லை. பயன்படுத்தும் முறையில்தான் தவறு நேர்கிறது.

1. ஓடி முடித்த கையோடு வெந்நீர்த் தொட்டியில் இறங்காதீர்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும், கால் ரத்தக்குழாய்கள் ஏற்கெனவே விரிந்திருக்கும். சூடு அவற்றை மேலும் விரிக்கும். எழுந்து நிற்கும் கணத்தில் தலைக்குப் போக வேண்டிய ரத்தம் காலில் தங்கிவிடும். வழுக்கும் குளியலறையில் மயங்கி விழுவது தசைவலியைவிட எவ்வளவோ மோசம். சாப்பிட்டு, தாகத்துக்குக் குடித்து, சிறுநீர் போன பிறகு, சில மணி நேரம் கழித்து ஊறலாம். வீட்டில் யாராவது இருக்கும்போது ஊறுங்கள், கதவைத் தாழிடாதீர்கள், எழும்போது முதலில் தொட்டியின் விளிம்பில் உட்காருங்கள்.

2. சூடு 37 முதல் 39 டிகிரி போதும். கை பொறுக்கும் சூடு என்று சொன்னது அதுதான். 15 முதல் 20 நிமிடம்.

3. தொடை உரசிப் புண்ணான இடங்களும் காலில் உடைந்த கொப்புளங்களும் உப்பில் எரியும். அவற்றுக்குத் தேவை சுத்தமான நீர் மட்டுமே.

4. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெந்நீரில் கால் ஊறவைக்கவே வேண்டாம். தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே சர்க்கரை நோய் மிகப் பரவலாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தண்ணீர் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும், அது ஆறாத புண்ணாகலாம். ஊறிய தோல் வெடித்துக் கிருமிக்கு வழிவிடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ கால் வலிக்கிறது என்று அன்போடு வெந்நீர் வாளியில் எப்சம் உப்பைப் போட்டுக் கொடுக்கும் பிள்ளைகள், முதலில் தங்கள் கையை விட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மருத்துவரையும் கேட்டுவிடுங்கள்.

5. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எப்சம் உப்பைக் குடிக்கக் கூடாது. மிகையான மக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது முடியாமல் போனால் ரத்த அழுத்தம் சரியும், மூச்சும் இதயத் துடிப்பும் மந்தமாகும். சிறுவர்களுக்கும் பேதிக்காக வீட்டில் கொடுக்க வேண்டாம்.

6. தொட்டி இல்லை என்று கவலைப்பட வேண்டாம். ஒரு தொட்டிக் குளியலுக்கு 150 லிட்டர் ஆகும். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட் மக்கள் மாதக்கணக்கில் குடிநீருக்கு லாரியை எதிர்பார்த்து நின்றதை மறக்கவில்லை. ஷவரில் தொடைமேல் வெந்நீர் விழவிடுவதும், வெந்நீரில் பிழிந்த துண்டால் ஒத்தடம் கொடுப்பதும் தசைக்கு அதே சூட்டைத்தான் தருகின்றன.

வலி வேறு, ஆபத்து வேறு

எப்சம் உப்பைப் பற்றி எனக்கு இருக்கும் உண்மையான கவலை அதன் வேதியியல் அல்ல. எந்த வலி வந்தாலும் ஊறினால் போய்விடும் என்று நம்பி, வீணாக்கக் கூடாத நேரத்தை வீணாக்கிவிடுகிறார்கள் என்பதுதான்.

தசை அளவு மீறி நைந்துபோனால் அதன் உள்ளிருக்கும் புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். கம்ரேட்ஸ் ஓடியவர்களுக்குத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டதை டர்பன் மருத்துவர்களே 1989-ல் பதிவு செய்திருக்கிறார்கள். சிறுநீர் கோக்கோ கோலா நிறத்தில் போவது, அல்லது ஓடி முடித்துப் பல மணி நேரமாகியும் சிறுநீரே வராமல் இருப்பது, தொடை கல்லாக வீங்கி நாளுக்கு நாள் வலி கூடுவது, இவற்றில் எது இருந்தாலும் அது வீட்டு வைத்தியத்துக்கு உரியது அல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலி தாங்காமல் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை ஓட்டத்தின்போதோ முடிந்த உடனோ விழுங்குவது அந்தச் சிறுநீரகத்துக்கு இன்னொரு அடி.

இன்னொரு அறிகுறித் தொகுப்பும் உண்டு. தலைவலி, வாந்தி, குழப்பமான பேச்சு. இது அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து ரத்தத்தில் சோடியம் தாழ்ந்ததால் இருக்கலாம். நீண்ட ஓட்டங்களில் இந்த நிலை வருவதை 1985-ல் முதலில் விவரித்ததும் நோக்ஸின் குழுதான். அப்படிப்பட்டவருக்கு நீர் குறைந்துவிட்டது என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் 10177 எண்ணில் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

ஒரு காலில் மட்டும், கெண்டைக்காலில், வீக்கமும் சூடும் சேர்ந்து வலித்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். ஓட்டம் முடித்து ஜோகன்னஸ்பர்குக்கு மணிக்கணக்கில் காரில் உட்கார்ந்து திரும்புகிறவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஓட்டத்தால் வரும் தாமதத் தசைவலி பெரும்பாலும் இரண்டு காலுக்கும் வரும், மூன்றாம் நாளுக்குப் பிறகு இறங்கும்.

முன்கூட்டியே கொடுக்கும் மருந்து

இந்த வலியைக் கணிசமாகக் குறைக்கும் என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. அது பையில் விற்பதில்லை. ஒரு முறை இறக்கத்தில் ஓடி வலி கண்ட தசை, சில வாரங்களுக்குள் அதே வேலையை மறுபடி கொடுத்தால், முன்பைப்போல் காயப்படுவதில்லை. பழுதுபார்க்கும்போதே உடம்பு தசையை இறக்கத்துக்கு ஏற்றபடி கட்டிவிடுகிறது. முதல் தடவை கொஞ்சமாக ஓடியிருந்தாலும் இந்தப் பாதுகாப்பு கிடைக்கிறது.

ஆகவே இறக்க ஓட்டத்துக்குப் பேர் கொடுத்திருப்பவர்கள், மார்ச் மாதத்திலிருந்தே பத்து நாளுக்கு ஒரு முறை கௌவீஸ் ஹில்லிலோ பக்கத்திலிருக்கும் வேறு சரிவிலோ மெதுவாக இறங்கிப் பழகலாம். முதல் நாள் பத்து நிமிட இறக்கம் போதும், அதற்கே மறுநாள் படிக்கட்டில் தெரியும். அடுத்த தடவை பதினைந்து, அதற்கடுத்து இருபது. கடைசி இறக்கப் பயிற்சியை ஓட்டத்துக்கு மூன்று வாரம் முன்பே முடித்துவிட்டால், தசைக்கு ஆறவும் நேரம் இருக்கும், கற்றதை மறக்கவும் நேரம் இருக்காது.